வெளியே கிளம்பினால் கண்ணில் படும் விசித்திரங்கள்: பார்ப்பது முதல் பகிர்வது வரை முழுமையான வழிகாட்டி

ஏறிப் போனால் வாசலே இல்லாத படிக்கட்டு. "இங்கே எதுவும் எழுதக் கூடாது" என்று சுவரில் பெரிதாக எழுதிவைத்த எழுத்து. இருபுறமும் வேலியே இல்லாமல் தனியாக நிற்கும், ஆனால் பூட்டிய கேட். இப்படி எதையாவது அடிக்கடி பார்த்துவிட்டு வந்து சொல்கிற நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். "உனக்கு மட்டும் எப்படி இதெல்லாம் கண்ணில் படுகிறது?" என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. நாமும் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவோம்.

அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கு குறைவு. பாதி பழக்கம், மீதி, "இதை யார், எதற்காக இப்படிச் செய்திருப்பார்கள்?" என்ற கேள்வி. பொது இடத்தில் வேடிக்கையாகத் தெரிகிற பெரும்பாலானவை யாரோ ஒருவர் எடுத்த முடிவின் மிச்சம். அந்த முடிவைத் தேடிப் பிடிக்கும்போதுதான் சிரிப்பு முழுசாகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கேமராவைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம்.

படி 1: கவனத்தைக் கொஞ்சம் காலியாக வையுங்கள்

1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடியோவில் இரண்டு அணியினர் பந்து எறிந்து பிடிக்கிறார்கள். ஓர் அணி எத்தனை முறை எறிகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போகிறார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொரில்லா வந்ததே தெரியவில்லை.

நமக்கு இன்னும் பயன்படுவது அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த ஆய்வு. வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐரா ஹைமனும் அவர் குழுவினரும் வளாகத்தின் திறந்த சதுக்கத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டார்கள். சதுக்கத்தைக் கடந்து வந்தவர்களை நிறுத்தி, "கோமாளியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். செல்போனில் பேசிக்கொண்டு வந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் பார்த்திருந்தார். எதுவும் செய்யாமல் தனியாக நடந்தவர்களில் பாதிப் பேர், பாட்டு கேட்டபடி வந்தவர்களில் 61 சதவீதம், இருவராக நடந்து வந்தவர்களில் 71 சதவீதம் பேர் பார்த்திருந்தார்கள்.

இதிலிருந்தே வழிமுறை கிடைத்துவிடுகிறது. போனில் பேசியபடி நடந்தால் கோமாளியே தப்பிவிடுவார். வாசல் இல்லாத படிக்கட்டெல்லாம் எம்மாத்திரம். பாட்டு பரவாயில்லை. முடிந்தால் துணைக்கு ஒருவரோடு போங்கள். இரண்டு ஜோடிக் கண்கள் என்பது ஒரு காரணம். "அதைப் பாரேன்" என்று சொல்ல ஆள் இருந்தாலே நம் கண் தேட ஆரம்பித்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்புறம், பார்வை போகும் உயரத்தை மாற்ற வேண்டும். கண் மட்டத்தில் இருப்பதெல்லாம் நம் கவனத்தைப் பிடிப்பதற்கென்றே வைத்தவை: விளம்பரம், பெயர்ப் பலகை, கண்ணாடிக்குள் அடுக்கிய பொருள். அங்கே விசித்திரம் குறைவு. முதல் மாடிக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் பாருங்கள். மாடியில் அடைத்த ஜன்னல், எங்கும் போகாத குழாய், அந்தரத்தில் திறக்கும் கதவு. கீழே சிமெண்ட் காய்வதற்குள் நடந்துபோன நாயின் கால்தடம், சாலைக் குழியின் மூடியைத் திருப்பிப் போட்டதால் நடுவில் துண்டாகிக் கிடக்கும் வெள்ளைக் கோடு. தினமும் போகிற வழியே போதும். எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தாலோ, போகிற வழியைத் திரும்பி வருகிற திசையில் நடந்தாலோ அது வேறு தெருவாகிவிடும்.

படி 2: எந்த மாதிரி இடத்தில் எது கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காளான் தேடுபவர் எந்த மரத்தடியில் எது முளைக்கும் என்று அறிந்துவைத்திருப்பதுபோல இதற்கும் ஒரு கணக்கு உண்டு.

அறிவிப்புப் பலகையிலிருந்து தொடங்குவது சுலபம். ஒரே கம்பத்தில் இரண்டு வெவ்வேறு துறைகள் பலகை மாட்டியிருக்கும் இடம், சாலைப் பணி நடக்கும் இடம், ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் எழுதியிருக்கும் இடம் இவையெல்லாம் நல்ல நிலம். 2008இல் வேல்ஸின் ஸ்வான்சியில் வைத்த ஒரு சாலைப் பலகை இந்த வகைக்கே மகுடம். மேலே ஆங்கிலத்தில், கனரக வாகனங்கள் வரக் கூடாது என்ற அறிவிப்பு. கீழே வெல்ஷ் மொழியில், "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவையுங்கள்." மொழிபெயர்ப்பாளரின் தானியங்கிப் பதில் மின்னஞ்சலை விடை என்று நம்பி அப்படியே அச்சிட்டு, கம்பம் நட்டு மாட்டிவிட்டார்கள். மின்னஞ்சலைப் பெற்றவர், பலகையைத் தயாரித்தவர், நட்டவர் என்று அத்தனை கைகள் மாறியும் அதை வாசித்துப் பார்க்க ஒருவர் இல்லை. ஒரு பலகையைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்தக் கைகளின் வரிசையையும் யோசித்துப் பாருங்கள்.

தடை அறிவிப்புகள் தனி ரகம். "நீரூற்றில் குதிரையைக் குளிப்பாட்டக் கூடாது" என்று ஒரு பலகை இருந்தால், யாரோ குளிப்பாட்டியிருக்கிறார்கள். விசித்திரமான தடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதைவிட விசித்திரமான ஒரு நாள் இருந்திருக்கும்.

அடுத்தது, பயன் தீர்ந்தும் போகாமல் நிற்கும் பொருள்கள். இவற்றுக்கு ஒரு பெயரே உண்டு: தாமசன். 1972இல் டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் அகாசேகாவா கென்பேய் என்ற கலைஞர் நண்பர்களோடு நடந்தபோது, ஒரு விடுதியின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு படிக்கட்டைப் பார்த்தார். ஒரு பக்கம் ஏறலாம், மறுபக்கம் இறங்கலாம். மேலே கதவு கிடையாது. அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் பழைய படிக்கட்டு. அதன் கைப்பிடியில் தேய்ந்துபோன துண்டை மட்டும் யாரோ புதுசாக மாற்றியிருந்தார்கள். யாருக்கும் பயன்படாது, ஆனாலும் பராமரிப்பு நடக்கிறது! பிற்பாடு இதுபோன்றவற்றுக்கு அவர் வைத்த பெயர், 1981, 82ஆம் ஆண்டுகளில் யோமியுரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணிக்கு ஆடிய கேரி தாமசனுடையது. பெரிய சம்பளத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த அவர், பந்தை அடித்ததைவிடத் தவறவிட்டதற்காகவே அங்கே பெயர் வாங்கினார். 1986இல் அகாசேகாவாவும் வேறு சிலரும் சேர்ந்து தெருவை இப்படி உற்றுப் பார்ப்பதற்காகவே ஒரு சங்கம்கூடத் தொடங்கினார்கள்.

நீங்கள் தேடும்போது இரண்டே சோதனை: இதனால் யாருக்காவது பயன் உண்டா? இல்லை என்றால், இதை யாராவது பராமரிக்கிறார்களா? முதலாவதற்கு "இல்லை", இரண்டாவதற்கு "ஆமாம்" என்று வந்தால் நீங்கள் கண்டுபிடித்தது அசல் சரக்கு. அடைத்துவிட்ட வாசலுக்குமேல் வருடா வருடம் வர்ணம் பூசும் சிறு கூரை, வெட்டிய கம்பத்தின் அடிக்கட்டைக்குப் பூசிய மஞ்சள் எச்சரிக்கைக் கோடு போன்றவை எல்லா ஊரிலும் கிடைக்கும்.

முகங்கள். இரண்டு பிளக் துளையும் அதன் கீழே ஒரு கோடும் இருந்தால் போதும், மூளை அதை முகமாக்கிவிடும். 1976இல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் எடுத்த படத்திலும் ஒரு மனித முகம் தெரிந்தது. நிழல் செய்த வேலை என்று நாசா அப்போதே சொன்னது. 2001இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் எடுத்த தெளிவான படத்தில் அது சாதாரண மேடாகத்தான் இருந்தது. அதே நிழல் உங்களுக்கு உதவும். சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் சுவர், குழாய், பெட்டி எல்லாவற்றிலும் முகங்கள் கிளம்பும். உச்சி வெயிலில் பாதி மறைந்துவிடும்.

மிச்ச வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கயிறும் டேப்பும் வைத்து நடத்தும் ஒட்டுவேலைகள். போட்ட நடைபாதையை விட்டுவிட்டுப் புல்வெளியின் குறுக்கே மக்கள் நடந்து நடந்தே உண்டாக்கிய ஒற்றையடித் தடம், அதைத் தடுக்க வைத்த வேலி, வேலியைச் சுற்றி உண்டான இரண்டாவது தடம். விளம்பரத்தில் இருக்கும் பெரிய கை, கீழே நிற்பவரின் தலையைக் கிள்ளுவதுபோல் தெரியும் தற்செயல் ஒட்டல்கள்.

படி 3: சிரித்த பிறகு நின்று "ஏன்" என்று கேளுங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். படம் எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ரசமே இங்கேதான் இருக்கிறது.

லண்டனில் லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற தெருவில் 23, 24ஆம் எண் வீடுகள் பக்கத்து வீடுகளைப் போலவே இருக்கும். தூண், பால்கனி, கதவு எல்லாம் உண்டு. நின்று பார்த்தால் ஜன்னல்களில் கண்ணாடி இருக்காது. வெறும் சாம்பல் வர்ணம். அந்தக் கதவைத் தட்டினால் யாரும் வர மாட்டார்கள், ஏனென்றால் பின்னால் வீடே இல்லை. 1860களில் நிலத்தடி ரயில்பாதை போட்டபோது நீராவி எஞ்சின் புகையை வெளியே விட ஒரு திறந்த பள்ளம் தேவைப்பட்டது. அந்தப் பள்ளம் தெருவின் அழகைக் கெடுக்காமல் இருக்க முகப்பை மட்டும் கட்டி நிறுத்திவிட்டார்கள். இந்தக் காரணம் தெரியாவிட்டால் அது மங்கலான ஜன்னல்கள் கொண்ட ஒரு கட்டடம், அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பழைய வீடுகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடைத்திருப்பதையும் பார்க்கலாம். 1696 முதல் 1851 வரை அங்கே ஜன்னல்களின் எண்ணிக்கையை வைத்து வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து அடைத்தவர்கள் உண்டு. அழகுக்காகக் கட்டும்போதே பொய் ஜன்னலாக வைத்தவர்களும் உண்டு. ஆகவே அடைத்த ஜன்னல் எல்லாமே வரிக் கதை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம். உயரம் 11 அடி 8 அங்குலம். அடியில் நுழையும் வாடகை லாரிகளின் கூரையைத் தகர டப்பாவின் மூடிபோலச் சுருட்டி எடுத்துவிடும். பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒருவர் 2008இல் கேமரா வைத்துப் பதிவுசெய்யத் தொடங்கியதால் அதன் புகழ் உலகம் முழுக்கப் பரவியது. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன, உயரமான வண்டி வந்தால் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்குப் போடும் ஏற்பாடும் வந்தது, அப்படியும் மோதினார்கள். "சாலையைத் தோண்டித் தாழ்த்திவிட்டால் என்ன?" என்று எல்லோருக்கும் தோன்றும். சாலைக்கு அடியிலேயே பெரிய கழிவுநீர்க் குழாய் போகிறது. கடைசியில் 2019இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினார்கள். மோதல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முட்டாள்தனம் என்று தோன்றுகிற ஒன்றின் அடியில் பெரும்பாலும் இப்படி ஒரு குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

சில வேடிக்கைகளின் காரணம் வேடிக்கையே அல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் ஹெடிங்டனில் ஒரு சாதாரண வீட்டின் கூரையில், 25 அடி நீளச் சுறா ஒன்று தலைகுப்புறப் பாய்ந்து சொருகி நிற்கிறது. 1986 ஆகஸ்ட் 9 அன்று வைத்தார்கள். நாகசாகியில் அணுகுண்டு விழுந்த அதே தேதி. மேலேயிருந்து எது வேண்டுமானாலும் வீட்டுக்குள் விழலாம், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்ற கோபத்தின் உருவம் அது. நகர மன்றம் அகற்றப் பார்த்தது. 1992இல் அரசு அது இருக்கலாம் என்று அனுமதித்தது.

காரணத்தைத் தேடும் வழிகள்: அங்கே பல வருடமாக இருப்பவரிடம் கேளுங்கள். முடிந்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள், ஏனென்றால் நல்ல கதைகளுக்கு வாய்க்கு வாய் கால் முளைக்கும். இணைய வரைபடத்தில் தெருக்காட்சியின் பழைய வருடப் படங்களைத் திருப்பிப் பாருங்கள். வாசல் இல்லாத படிக்கட்டுக்குப் பத்து வருடம் முன்பு வாசல் இருந்தது பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும். எல்லா வழியும் அடைத்துவிட்டால் "காரணம் தெரியவில்லை" என்றே எழுதலாம். இட்டுக்கட்டுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

படி 4: படம் எடுப்பது

முதல் படத்தைத் தள்ளி நின்று, சுற்றுப்புறம் முழுக்கத் தெரிய எடுங்கள். பிறகு நெருங்கிப் போய் எடுங்கள். எல்லோரும் நெருக்கத்தில் மட்டும் எடுப்பதால்தான் பாதிப் படங்களில் சிரிப்பு வருவதில்லை. வாசல் இல்லாத படிக்கட்டில் வேடிக்கையே சுவர்தான். சுவர் படத்தில் இல்லாவிட்டால் அது வெறும் படிக்கட்டு. அளவு புரிய வேண்டுமென்றால் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொருள் ஏதாவது இருக்கட்டும்.

தற்செயல் ஒட்டல்களுக்கு ஒரு தந்திரம்: ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணால் பார்க்கும்போது எது அருகில், எது தூரத்தில் என்று மூளை பிரித்துவிடும். கேமராவுக்கு இருப்பது ஒற்றைக் கண். ஒரு கண்ணை மூடியபடி அரை அடி இடமும் வலமும் நகர்ந்தால், தூரத்துக் கோபுரம் எந்தப் புள்ளியில் முன்னால் நிற்பவரின் தொப்பியாகிறது என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கு உள்ளே இருப்பதை எடுக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். எழுத்துப் பலகையை நேராக நின்று எடுங்கள். டிஜிட்டல் ஜூமை நம்புவதைவிட நாலு அடி நடக்கலாம். வண்டி ஓட்டும்போது எடுக்காதீர்கள், தண்டவாளத்தில் ஏறி நிற்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

பொருளை நகர்த்தி வைக்கவே கூடாது. ஒரு பொம்மையைத் திருப்பிவைத்தால் படம் இன்னும் நன்றாக வரும் என்று கை பரபரக்கும். தொட்டுவிட்டால் அது நீங்கள் செய்த ஜோக், தெரு செய்தது அல்ல.

இன்னொன்று: சில காட்சிகள் படத்தோடு முடிவதில்லை. அம்புக்குறி வண்டிகளை எதிர்த்திசைக்கு அனுப்புகிறது, குழியின் மூடி பாதி திறந்திருக்கிறது, தொங்கும் மின்கம்பியில் யாரோ பை மாட்டியிருக்கிறார்கள் என்றால், முதலில் பொறுப்பானவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். படம் எடுத்திருந்தால் அதையே அவர்களுக்கு அனுப்பலாம்.

படி 5: ஆள் இருக்கும் காட்சி

இங்கே என் விதி கறாரானது. சிரிப்பு ஒருவர் செய்த முடிவைப் பற்றியதா, அவர் இருக்கும் நிலையைப் பற்றியதா என்று பாருங்கள். டைனோசர் உடையில் வந்து வரிசையில் நிற்பவர் வேண்டுமென்றே வந்திருக்கிறார். பார்க்கச் சொல்லித்தான் வந்திருக்கிறார். பேருந்தில் வாய் திறந்து தூங்குபவர், தடுக்கி விழுந்தவர், தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர், ஏழ்மை தெரியும் உடையில் இருப்பவர் ஆகியோர் யாருக்கும் வேடிக்கை காட்டவில்லை. கேமரா உள்ளேயே இருக்கட்டும். அடுத்தவர் குழந்தைகளையும் விட்டுவிடுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொது இடத்தில் நின்றாலே யாரையும் எடுத்து வெளியிடலாம் என்பது பரவலான தப்பெண்ணம். கியூபெக்கில் கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதி இல்லாமல் ஓர் இதழ் வெளியிட்ட வழக்கில், கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. படத்தில் அவமானமாக எதுவும் இல்லை. அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனியில் ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1907 முதல் இருக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. பயணம் போகும் நாட்டில் என்ன விதி என்று பார்த்துக்கொள்வது நல்லது. எங்கேயுமே செல்லுபடியாகும் எளிய வழி, சிரித்த முகத்தோடு போய், "உங்கள் சட்டையில் இருக்கும் வாசகம் பிரமாதம், ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பது. பெரும்பாலும் சரி என்பார்கள், போஸும் கொடுப்பார்கள்.

படி 6: பகிர்வதற்கு முன் ஒரு சுத்தம்

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். 2012இல் தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியின் படத்தை ஓர் இதழ் வெளியிட, படத்தில் ஒட்டியிருந்த இடக்குறிப்பு அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. நீங்கள் தலைமறைவாக இல்லைதான். ஆனால் உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த வேடிக்கைப் படம் உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். பல சமூக வலைத்தளங்கள் பதிவேற்றும்போது அதை நீக்கிவிடும். ஆனால் படத்தை ஃபைலாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும்.

முகத்தையும் வண்டி எண்ணையும் மறைக்க மங்கலாக்குவதைவிட முழுக் கறுப்புக் கட்டம் பாதுகாப்பானது. மறைத்து, வெட்டி முடித்த பிறகு அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் பகிர்வது இன்னும் நல்லது. 2023இல் கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தக் கருவியில் ஒரு ஓட்டை வெளியானது: வெட்டி நீக்கிய பகுதியை ஃபைலிலிருந்து பகுதியளவு மீட்டெடுக்க முடிந்தது.

அடுத்தவர் படத்தை முன்னனுப்புவதாக இருந்தால் படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டுப் பாருங்கள். "இன்று காலை எங்கள் தெருவில்" என்று வரும் படம் பல வருடம் முன்பு வேறொரு கண்டத்தில் எடுத்ததாக இருக்கும். செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களில் பின்னணியில் இருக்கும் சின்ன எழுத்துகளையும் நிழல் விழும் திசையையும் பாருங்கள். பொய்கள் அங்கேதான் அதிகம் சிக்கும்.

படி 7: படக்குறிப்பு

சின்னதாக எழுதுங்கள். படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லாதீர்கள். "சிரித்து வயிறு வலிக்கிறது" என்று முன்னறிவிப்பும் வேண்டாம். அந்தரத்தில் திறக்கும் கதவின் படத்துக்கு "அவசர வழி" என்று இரண்டே சொல் போதும். காரணம் தெரிந்திருந்தால் அதைக் கீழே தனிவரியாகப் போடுங்கள்; முதலில் சிரிக்கட்டும், பிறகு படிக்கட்டும். எழுத்துப் பிழையுள்ள சிறு பலகையைப் பகிரும்போது எழுதியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

படங்கள் சேரச் சேர, ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், காரணம் (தெரிந்தால்) என்று மூன்று விவரம் எழுதி ஒரே கோப்புறையில் வையுங்கள். போன் கேலரியில் விட்டால் பில் படங்களுக்கும் பிறந்தநாள் படங்களுக்கும் நடுவே தொலைந்துவிடும். அந்தப் பக்கம் மறுபடி போக நேர்ந்தால் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் போடுங்கள். கேட்டை எடுத்துவிட்டுப் பூட்டை மட்டும் கம்பத்தில் மாட்டியிருக்கக்கூடும். அப்படியென்றால் உங்களுக்கு இன்னொரு "ஏன்" கிடைத்துவிட்டது.